தரானேயின் மூக்கு விசில் விவகாரம்

நார்மக், தெஹ்ரான்
மெஹர் மாதம் 22, செவ்வாய்க்கிழமை

யஸ்த் நகரில் நலத்தோடு குடியிருக்கும் என் அன்புத் தங்கை ஃபக்ரிக்கு அண்ணன் ஹெஷ்மத் எழுதிக்கொண்டது. உன் நிழல் உன் வீட்டின் மேல் ஒரு சாண் கூடக் குறையாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மாப்பிள்ளையின் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ கொடுத்தனுப்பிய கொத்தாப் இனிப்பு வந்து சேர்ந்தது. டப்பாவில் நாற்பது இருப்பதாக எழுதியிருந்தாய். உன் அண்ணி அக்தஸ் எண்ணிப் பார்த்தபோது முப்பத்தொன்றுதான் இருந்தது. பஸ் டிரைவர் கரீம்பூரின் மீசையில் சர்க்கரைப் பொடி மாதிரி ஏதோ இருந்ததை நான் கவனித்தேன். நான் பெரிய மனிதன் என்பதால் வாய் திறந்து கேட்கவில்லை. இந்தக் கடிதத்தையும் அவரிடம்தான் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கிறது, வேறு வழியில்லை. கவர் ஒட்டிய இடத்தில் குறுக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கோடு கலைந்திருந்தால் எனக்குத் தெரியப்படுத்து.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு பேச்சில் மறந்துவிடும். இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றே சொன்னேன். ஒன்றுகூட விடாமல், வரிசையாக, சாட்சிகளோடு சொன்னேன். எது என்கிறாயா? எங்களோடு தங்கி வேலைக்குப் போகிற உன் மகள் தரானே உன்னிடம் மூச்சு விட்டிருக்க மாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன். வருகிற சனிக்கிழமை காலை அவள் மறுபடியும் அறுவை மேஜையில் படுக்கப் போகிறாள். அதே மூக்கு, அதே டாக்டர், இரண்டாவது தடவை. பதறாதே, தண்ணீர் குடி, குடித்துவிட்டு மேலே படி. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் உன்னிடம் எதைச் சொன்னாலும் நீ உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். உன் மாமியார், நாத்தனார், துணி தைக்க வந்தவள், எல்லாரும் சேர்ந்து 'ஐயோ பாவம்' என்கிறார்கள். போன வருடம் என் மூலநோயைப் பற்றி அண்ணன் தங்கைக்குள் ஒரு வார்த்தை சொன்னதற்கு, யஸ்திலிருந்து பதினொரு பேர் எனக்கு மூலிகை அனுப்பினார்கள். ஒருவரைக்கூட எனக்கு முன்பின் தெரியாது. ஆகவே கடிதம்.

போன வருடம் மொர்தாத் மாதத்தில், முதல் அறுவைக்கு முந்தின வாரம், இதே கூடத்தில் இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் தரானேக்குப் புத்தி சொன்னேன். நம் குடும்ப மூக்கு எப்படிப்பட்ட மூக்கு என்று உனக்குத் தெரியும். நம் அப்பா ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் அது நுழையும், சலாம் சொல்லும், பிறகுதான் அவர் நுழைவார். அதைப் போய் வெட்டுவதா என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "மாமா, மூச்சு விடறதுக்குத்தானே மூக்கு, அதுக்கு எதுக்கு இவ்வளவு இடம்?" என்றாள். கன்னத்தில் குழி விழச் சிரிக்கிறவளிடம் எவ்வளவுதான் கோபப்படுவது. நான் முப்பத்தெட்டு வருடம் கார்புரேட்டர் பழுது பார்த்தவன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டேன் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். உண்மை என்னவென்றால், எட்டாம் வகுப்பு வாத்தியாருக்கு என்னிடம் சொல்லிக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. காற்று ஒரு குழாய்க்குள் எப்படிப் போகும், எங்கே இடிக்கும், எங்கே சுழலும் என்பதை எந்த டாக்டரை விடவும் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அமைச்சர் ஒருவரின் கார் நட்ட நடு ரோட்டில் நின்றபோது நான் பானெட்டைத் திறக்காமலே, காதால் கேட்டே, இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று சொன்னவன். அமைச்சர் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதனால்தான் தரானேயிடம் சொன்னேன்: "காத்து வர்ற வழியில கை வச்சா இஞ்சின் சும்மா இருக்காது கண்ணு. இன்னிக்கு நல்லாத்தான் இருக்கும். ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் பாரு." அன்று கூடத்தில் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். எல்லாரும் கேட்டார்கள்.

அறுவை முடிந்தது. பிளாஸ்டர் போட்டார்கள், எடுத்தார்கள், டேப் ஒட்டினார்கள். கண்ணைச் சுற்றிக் கத்தரிக்காய் நிறம் வந்து போனது. நீயும் வந்து பார்த்துவிட்டு அழுதுவிட்டுப் போனாய். டாக்டரே சொன்னார், வீக்கம் முழுசாக வடிந்து மூக்கு தன் இடத்தில் உட்கார ஒரு வருடம் ஆகும் என்று. நான் சொன்ன அதே ஒரு வருடம். அவர் என்னிடமிருந்து கேட்டுத்தான் சொன்னாரோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

அந்த ஒரு வருடம் இந்த மொர்தாத் கடைசியில் முடிந்தது. அக்தஸ் ஒரு விருந்து வைத்தாள். செந்நிற ஸெரெஷ்க் பழம் தூவிய சோறு, கோழி, பேஸ்ட்ரி கடையிலிருந்து ஒரு கேக். கேக்கின் மேல் கிரீமில் ஒரு மூக்கு வேறு. போன வருடம் இருந்த அதே இருபத்து மூன்று பேர், யாரும் செத்துக்கூடப் போகவில்லை. ஒவ்வொருவராகத் தரானேயின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் புகழ்ந்தார்கள். மேல் வீட்டு ஷம்ஸி கானும் அம்மாள், தான் பெற்ற பெண்ணுக்கே ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள், "ஆண்டவன் அவசரத்துல விட்டதை டாக்டர் நிதானமா முடிச்சிருக்கார்" என்றாள். இதையெல்லாம் நான் நம்பிவிடுவேனா? நம் ஜனங்களின் தாரோஃப் எனக்குத் தெரியாதா? விருந்துச் சோற்றில் உப்பே இல்லாவிட்டாலும் கையைப் பிடித்துக்கொண்டு 'உங்கள் கைப்பக்குவம்' என்று சொல்லுகிற ஜனங்கள். மரியாதைக்குச் சொல்வது எது, மனசாரச் சொல்வது எது என்று பிரிக்க ஒரு மிஷின் கண்டுபிடித்தால் இந்த நாட்டில் பாதிப் பேர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அப்படி நான் எல்லார் முகத்தையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஷம்ஸி கானும் என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஹெஷ்மத் ஐயா, ஒரு வருஷம் போகட்டும்னீங்களே, போயிடுச்சு. இப்ப என்ன சொல்றீங்க?" என்றாள். கூடம் முழுக்க அமைதி. கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது.

அந்த அமைதியில்தான் அது கேட்டது, ஃபக்ரி. தரானேயின் இடது மூக்குத் துவாரத்திலிருந்து ஒரு விசில். மெல்லிசாக, நீளமாக, சமோவாரில் தண்ணீர் கொதி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு முனகல் வருமே, அது மாதிரி. மூச்சை இழுக்கும்போது ஒரு சுருதி, விடும்போது வேறு சுருதி. நான் கையை உயர்த்தி, "பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா விசில் அடிக்குதே" என்றேன். முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் காதைச் சாய்த்தார்கள். அக்தஸ் கேட்டாள். பக்கத்து அறையிலிருந்து நான் டீ கேட்டால் அவள் காதில் விழுவதில்லை, இது விழுந்தது. ஷம்ஸி கானும் கேட்டாள், அவள் மகள் கேட்டாள், கடைசியில் கூண்டில் இருந்த கேனரிக் குருவிகூடக் கழுத்தைத் திருப்பிப் பதில் விசில் கொடுத்தது. கேக்கை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கிரீம் மூக்கு மட்டும் அப்படியே மிஞ்சியது. மறுநாள் காலையில் அதை நான்தான் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. மதியம் தரானே கண்ணயர்ந்தால் அக்தஸ் வாசலில் நின்று கேட்டுவிட்டு வந்து, இன்று இழுக்கும்போது மட்டும்தான் வருகிறது, நேற்றைவிடக் கொஞ்சம் கம்மி என்று நிலவரம் சொல்கிறாள். மேலே இருந்து ஷம்ஸி கானும் போன் செய்து, ஜன்னல் திறந்திருக்கிறது போலிருக்கிறது, இங்கே வரைக்கும் கேட்கிறது என்கிறாள். பாவம், தரானே. அவளுக்கு மட்டும் அது கேட்பதில்லை. தன் மூக்குச் சத்தம் தனக்குக் கேட்காது என்று நான்தான் விளக்கினேன். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு சைலன்ஸர் சத்தம் தெரியாது, பின்னால் வருகிறவனைக் கேட்டால்தான் தெரியும். அவள் வாயால் மூச்சு விடப் பழகினாள். சிரிப்பதை நிறுத்தினாள். சிரித்தால் மூக்கு வழியாகக் காற்று வருமாம்.

இதில் முக்கியமான விஷயம் அவளுடைய வேலை. காதால் கேட்கிற புத்தகங்கள் தயாரிக்கிற இடத்தில் அவள் குரல் கொடுக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். இதுவரை குழந்தைக் கதை, சமையல் குறிப்பு என்று துண்டு துண்டாகத்தான் கொடுத்தார்கள். இப்போது முதல் முறையாக ஒரு முழு நாவல், நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், அவள் ஒருத்தி குரலிலேயே. மூன்று வருடமாக அவள் காத்திருந்த வேலை. பதிவு ஆரம்பிக்கிற நாளும் இதே சனிக்கிழமைதான். அவள் போய், என்னால் முடியாது, என் மூக்கில் சத்தம் வருகிறது, வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அங்கே ஒலிப்பதிவு செய்கிற ஒரு தாடிக்காரர் பழைய பதிவையெல்லாம் ஓட விட்டு, காதில் பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அரை நாள் கேட்டுவிட்டு, ஒரு சத்தமும் இல்லை என்றாராம். இவள் வந்து என்னிடம் சொன்னாள். நான் சிரித்தேன். இளம் பெண்ணிடம் எந்த ஆம்பளை மூக்கு சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வான்? அதுவும் தாரோஃப்தான். அப்படி இல்லையென்றால் அவர் மிஷினில் கோளாறு. வியாழக்கிழமை மதியம் வரை நல்ல பதிலுக்குக் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கப்புறம் வேறு பெண்ணுக்குப் போய்விடும். தரானே அந்த நாவலைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். பக்கமெல்லாம் பென்சிலால், இங்கே நிறுத்து, இங்கே மூச்சு எடு என்று குறித்து வைத்திருக்கிறாள். ஒருநாள் அதைப் புரட்டிக்கொண்டே, "மாமா, மூச்சு எடுக்கற இடம் மட்டும் எழுநூறு இருக்கு" என்றாள்.

சரி, டாக்டரைப் பார்ப்பது என்று முடிவானது. ஆனால் எனக்கு அந்த இடத்தின் மேலேயே சந்தேகம். அதனால் யாருக்கும் சொல்லாமல் நான் தனியாக ஒருநாள் வேவு பார்க்கப் போனேன். வடக்கே மேட்டுப் பகுதியில், நான்கு மாடிக் கட்டடம். வாசலில் ஒரு கண்ணாடிக் கதவு. அந்தக் கதவை அவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்திருந்ததே முதல் குற்றம். கதவு இருப்பது எனக்குத் தெரியவில்லை. என் மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. உள்ளேயிருந்து இரண்டு நர்ஸ் ஓடி வந்து, உட்கார வைத்து, ஐஸ் வைத்து, குறுக்கே ஒரு டேப்பும் நெடுக்கே ஒரு டேப்பும் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். வாசலிலேயே மூக்கை உடைத்து உள்ளே கூட்டிப் போய்ச் சரி செய்கிற வியாபாரம் என்று நான் கண்டுகொண்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். திரும்பி வரும் வழியில் ஸங்கக் ரொட்டி வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூக்கில் டேப் ஒட்டிய ஒரு இளைஞன். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி, "வாழ்த்துகள் ஐயா, நீங்க முன்னால போங்க, முதல் வாரம் ரொம்ப நேரம் நிக்கக் கூடாது" என்றான். அவன் ஒதுங்கியதும் அவனுக்கு முன்னால் இருந்தவர்களும் ஒதுங்கினார்கள். முப்பது வருடத்தில் முதல் தடவையாக நான் சூடான ரொட்டியை முதல் ஆளாக வாங்கினேன். அறுபத்தேழு வயதில் என்ன தைரியம் என்று ஒரு அம்மாள் தன் புருஷனிடம் என்னைக் காட்டிச் சொன்னாள். ஒரு நாளில் எடுக்க வேண்டிய டேப்பை நான் ஒன்பது நாள் எடுக்கவில்லை. அக்தஸ் இரண்டு தடவை புது டேப் வாங்கி ஒட்டினாள். எடுத்த அன்று ஷம்ஸி கானும் என்னை மாடிப்படியில் நிறுத்தி, பக்கவாட்டில் பார்த்துவிட்டு, "ரொம்ப இயற்கையா வந்திருக்கு, பத்து வயசு குறைஞ்சாச்சு" என்றாள். என் மூக்கு நம் அப்பா கொடுத்த அதே மூக்கு, ஒரு மயிரிழைகூட மாறவில்லை. இந்த ஊர் ஜனங்களின் கண்ணை எவ்வளவு நம்பலாம் என்று நீயே யோசித்துக்கொள். ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், எல்லாரும் பார்த்துவிடுவார்கள்.

போன சனிக்கிழமை தரானேயை அழைத்துக்கொண்டு முறைப்படி போனோம். இந்த முறை கையை முன்னால் நீட்டிக்கொண்டே நடந்தேன். டாக்டர் ரஃபாத்தியை நீ பார்த்திருக்கிறாய், சாதுவாகப் பேசுகிற ஆள். ஆனால் அவர் மூக்கைக் கவனித்தாயா? நம் அப்பாவுடையதை விட ஒரு விரல் பெரிசு. நாள் முழுக்க ஊரார் மூக்கைச் செதுக்குகிறவர் தன் மூக்கைச் சக ஊழியர் ஒருவரிடமும் நம்பிக் கொடுக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? அவர் விளக்கை விட்டுப் பார்த்தார். பளபளவென்று ஒரு சின்ன உலோகத் தகட்டை அவள் மூக்குக்குக் கீழே பிடித்து, மூச்சு விடச் சொன்னார். தகட்டில் இரண்டு பக்கமும் ஒரே அளவு பனி படிந்தது. பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை என்றார். நான் விடுவேனா? கண்ணால் பார்க்கிற விஷயமில்லை டாக்டர், காதால் கேட்கிற விஷயம் என்றேன். அவர் ஏசியை அணைக்கச் சொன்னார். நர்ஸ், செக்ரட்டரி, டாக்டர், நான், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தரானேயின் மூச்சைக் கேட்டோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக விட்டாள். நான், "இதோ" என்றேன். டாக்டர் என் நரைத்த தலையைப் பார்த்தார். பெரியவர் சொல்வதை முகத்துக்கு நேரே மறுக்கலாமா? "உங்க காதுக்கு முன்னால என் படிப்பு என்னங்க ஐயா. எனக்கும் ஏதோ லேசா..." என்று இழுத்தார். செக்ரட்டரியும் லேசாக என்றாள். ஆயிற்று, டாக்டருக்கே கேட்டுவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. டாக்டர் எழுந்து நெஞ்சில் கை வைத்து, "இது என் கை செஞ்ச வேலை. குறை இருந்தா நானே திரும்பச் செஞ்சு தர்றேன், நீங்க ஒண்ணும் தர வேணாம்" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் டாக்டர், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று நானும் மரியாதைக்கு மறுத்தேன். அவர் இரண்டாவது முறை சொன்னார். நான் இரண்டாவது முறை மறுத்தேன், அப்போது ஒரு வார்த்தை கூடப் போய்விட்டது. இரண்டாவது அறுவைக்குக் காதிலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்து மூக்குக்கு முட்டுக் கொடுப்பார்கள் என்று அவர் முன்பே விளக்கியிருந்தார். அதை மனதில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் காதை எதற்குத் தொடுகிறீர்கள், என் காது உங்களுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் காதைப் பார்த்தார், பிறகு காகிதத்தில் என்னவோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அதற்குள் அவர் மூன்றாவது முறையும் சொல்லிவிட்டார். முதல் இரண்டு முறை சொன்னால் அது பேச்சு. மூன்றாவது முறை சொன்னால் சொன்னதுதான், அதை மறுப்பது எதிராளியை அவமானப்படுத்துவது. அவர் நிறுத்துவார் என்று நான் பார்த்தேன், நான் நிறுத்துவேன் என்று அவர் பார்த்திருப்பார். இருவருமே நல்ல குடும்பத்தில் பிறந்தவர்கள், என்ன செய்வது. தேதி குறிக்கும்போது அவர் முகம் வெளிறித்தான் இருந்தது. தரானேயிடம் மட்டும் தாழ்ந்த குரலில், "முதல் தடவை நாங்க வெட்டறது மூக்கு. ரெண்டாவது தடவை வெட்டறது தழும்பு. எப்படி ஆறும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. குரல்கூடக் கொஞ்சம் மாறலாம். இது அவசியம்தானான்னு ஒரு தடவை நல்லா யோசிம்மா" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "வீட்ல எல்லாருக்கும் கேக்குது டாக்டர்" என்றாள்.

இலவசமாகச் செய்கிறேன் என்கிற டாக்டரை நான் ஏன் சந்தேகப்படுகிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறுவைக்கு முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் என்று சுவரில் மாட்டுவதற்கு ஆள் தேடுகிறாரோ என்னவோ. எதற்கும் நீ வெள்ளிக்கிழமை கிளம்பி வந்துவிடு. வரும்போது கண்ணேறு கழிக்கப் புகை போடும் இஸ்ஃபந்த் விதை நம் ஊரிலிருந்தே கொண்டு வா. இங்கே விற்பது வெறும் பொரி. மாப்பிள்ளையின் பழைய கம்பளித் தொப்பி ஒன்றையும் எடுத்து வா, காது மூடுகிற மாதிரி இருக்க வேண்டும். அது தரானேக்கு இல்லை, எனக்கு. சனிக்கிழமை அந்தக் கட்டடத்துக்குள் காது வெளியே தெரிய நான் நுழைய மாட்டேன்.

உன் மாமியாரின் கைகளுக்கு என் முத்தம், குழந்தைகளின் கண்களுக்கு என் முத்தம், நாத்தனாருக்குத் தூரத்திலிருந்து ஒரு சலாம். அக்தஸ் உன்னை நெஞ்சோடு அணைத்துக்கொள்வதாக எழுதச் சொல்கிறாள். உன் வீட்டு அடுப்பு அணையாமல், உன் வீட்டுக் கதவு விருந்தாளிக்கு மூடாமல், நீ நூறு வருடம் இரு.

உன் காலடி மண்ணான அண்ணன்,
ஹெஷ்மத்

பின்குறிப்பு: பஸ் நிலையத்திலிருந்து எழுதுகிறேன். வண்டி கிளம்ப இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்று கரீம்பூர் சொன்னார். நானே கவரைப் பிரித்துவிட்டேன். ஒட்டிய இடத்தில் கையெழுத்து இரண்டு தடவை இருக்கும், அந்த மனிதர் மேல் பழி போடாதே. கொத்தாப் விஷயத்திலும் அவர் மேல் போடாதே, அந்தப் பேச்சையே விட்டுவிடு.

ஃபக்ரி, அந்த விசில் கிடையாது. அன்றைக்கு விருந்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூக்கு நன்றாக இருந்தது. இருபத்து மூன்று பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரு வருஷம் போகட்டும் என்று சொன்னவன் நான். என்ன சொல்லட்டும்? வாயில் வந்தது விசில். அரை நிமிடத்தில் எல்லாரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அவர்களுக்கெல்லாம் கேட்டுவிட்டது. நான் என்ன கண்டேன்.

இன்று மதியம் தரானே தூங்கும்போது பக்கத்தில் முக்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். முப்பத்தெட்டு வருடம் இந்தக் காதை வைத்துச் சோறு தின்றவன். காற்று போகிறது, வருகிறது. ஷோரூமிலிருந்து இறங்கிய புது வண்டிகூட அப்படி மூச்சு விடாது. அவள் கண் விழித்து, "கேக்குதா மாமா?" என்றாள். அப்போதுகூட, ஃபக்ரி, "கொஞ்சம்" என்றுதான் என் வாயில் வந்தது.

இது புதன் காலை உன் கைக்கு வரும். நீ கிளம்பி வர வேண்டாம், தொப்பியும் வேண்டாம். படித்த உடனே எங்கள் வீட்டுக்குப் போன் செய். வியாழன் மதியம் வரைக்கும் வைத்துக்கொண்டிருக்காதே. நான் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். அக்தஸையும் ஷம்ஸி கானுமையும் கூடத்துக்கு வரச் சொல்கிறேன், எதற்கென்று சொல்ல மாட்டேன். உன் மாமியாரையும் நாத்தனாரையும் கூப்பிட்டு வைத்துக்கொள். தையல்காரி வந்திருந்தால் அவளும் இருக்கட்டும். அந்த ஸ்பீக்கரைப் போடு. போட்டுவிட்டு, விசில் உண்டா என்று என்னைக் கேள். மூன்று தடவை கேட்க வேண்டியதில்லை, முதல் தடவையே சொல்லிவிடுவேன்.